மஞ்சள் தடம்

வக்கீல்தான் சொன்னார்,
இருவருக்கும் சொந்தமில்லாத இடத்தில்
ஒருமுறை பேசிப் பாருங்கள் என்று.
அரசாங்கக் காடு.
வண்டி நிறுத்த இரண்டு யூரோ.
ஆளுக்கு ஒன்று போட்டார்கள்.

மாலக்கி ஒரு பக்கம் சாய்ந்து நடந்தான்.
அட்ராக்டா கேட்கவில்லை.
பதினொரு மாதமாகப் பேச்சில்லை.
சிவப்புத் தடம் ஐந்து கிலோமீட்டர், நீலம் மூன்று,
மஞ்சள் ஒன்றேகால்.
மஞ்சளைத் தொட்டாள்.
'எனக்குச் செருப்பு சரியில்லை' என்றாள்,
முழங்கால்வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு.

ஏப்ரல் மழை அப்போதுதான் விட்டிருந்தது.
பீச் இலைகள் இன்னும் மடிப்புக் கலையாமல்,
பைக்குள்ளிருந்து எடுத்த கைக்குட்டைபோல.
தரையெல்லாம் காட்டுப்பூண்டு.
மிதிக்க மிதிக்க
யார் வீட்டிலோ தாளிக்கிறார்கள்.
எதிரே வந்த நாய்கள் மட்டும்
ஒன்றையொன்று நலம் விசாரித்தன.

சண்டை ஒரு வேலிக்காக.
அப்பாவின் ஒன்பது ஏக்கரைப் பிரித்தபின்
நடுவே நின்ற முள்வேலியை அவன் பிடுங்கினான்,
டிராக்டர் திரும்ப இடம் போதவில்லை என்று.
அவள் கம்பி போட்டாள்,
ஒரு முழம் தள்ளி.
அந்த ஒரு முழம்தான் இப்போது கோர்ட்டில் கிடக்கிறது,
மணிக்கு இருநூற்றெண்பது யூரோ வாடகையில்.

'கோட்டை' என்று அம்புக்குறி.
கொத்தளம், கொடிமரம் என்று நினைத்து வருகிறவர்களுக்கு
இடுப்பளவு மண்ணில் ஒரு வட்டம்,
அவ்வளவுதான்.
பாசி பிடித்த வரப்பு.
தகவல் பலகையைப் பூஞ்சணம் பாதி தின்றிருந்தது:
'ஆயிரத்து நூறு ஆண்டு... ஒரு குடும்பம்...
இரவில் கன்றுகளை...'
அரண் என்பது பெரிய சொல். இது பட்டி.
ஓநாய்க்காகவும் போட்டிருப்பார்கள்,
பக்கத்து வீட்டுக்காரனுக்காகவும்.

சுற்றிலும் ஸ்ப்ரூஸ், வரிசை தப்பாமல்.
வட்டத்துக்குள் மட்டும் ஒன்றும் நடவில்லை.
இயந்திரம் ஓட்டியவன்
ஒதுங்கி, வளைந்து போயிருக்கிறான்.
உள்ளே இருப்பவர்களை இந்த ஊரில்
பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை.
நல்லவர்கள் என்பார்கள்,
நாம் நல்ல பாம்பு என்பதுபோல.

கரைமேல் ஒற்றை முள்மரம், இன்னும் பூக்கவில்லை.
'நம் வேலியைப் பிடுங்கக் கை கூசவில்லையே,
இதில் ஒரு குச்சி ஒடி, பார்ப்போம்.'
அவன் இரண்டு கைகளையும்
கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான்.
'ஏற்கெனவே ஒரு எலும்பு போயிற்று.'
'எது?'
'இடுப்பு. பிப்ரவரியில் மாற்றினார்கள்.'
'ஆஸ்பத்திரிக்கு யார் கூட வந்தது?'
'பஸ்ஸில் போனேன்.'

அதற்குப் பிறகு அவளால் நிற்க முடியவில்லை.
கிழக்கே திறந்திருந்த வாசலில் கரையேறி
வலப்புறமாக நடந்தாள்.
அவனும் ஏறினான், மெதுவாக,
இடப்புறம்.
எதையாவது செய்ய வேண்டியிருந்தது இருவருக்கும்.

மேற்கே எதிரெதிரே வந்து நின்றார்கள்.
கரை ஒராள் அகலம்.
யாராவது ஒருவர் இறங்க வேண்டும்.
வழியுரிமை என்ற சொல்
இரு தரப்புக் கடிதங்களிலும் அடிக்கோடிட்டு இருக்கிறது.
ஒரு கரும்பறவை பாடி முடித்தது,
மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

இருவரும் ஒரே நேரத்தில் இறங்கினார்கள்.
அவன் உள்ளே.
அவள் வெளியே,
அகழி என்று ஒன்று இருந்ததை மறந்து.
ஆயிரத்து நூறு ஆண்டுக்குப் பிறகும்
அது தன் வேலையைச் செய்தது.
பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்தது.
'இப்போது நிஜமாகவே செருப்பு சரியில்லை'
என்று உள்ளேயிருந்து குரல்.

சிரித்தது யார் என்று சொல்ல மாட்டேன்.
மண்மேட்டுக்கு மேலாக ஒரு கை நீண்டது,
அவளைத் தூக்கிவிடவா
தான் விழாமல் பிடித்துக்கொள்ளவா,
தெரியவில்லை.
இடது கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

வண்டிச் சீட்டில்
இன்னும் முக்கால் மணி நேரம் பாக்கி.