ஏழு நாளில் திருப்பித் தரலாம்

ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.
"புடிக்கலைன்னா ஏழு நாளுக்குள்ள கொண்டாங்க"
என்றான் குன்னூர்க் கடைப் பையன்.

மேட்டுப்பாளையம் பஸ்ஸில் முதல் சோதனை.
இன்ஜின் உறுமல் போயிற்று,
கண்டக்டர் விசில் போகவில்லை.
கொண்டை ஊசி வளைவுகளில் காது அடைத்தது;
அடைத்தது இயர்பட்ஸா மலையா
சொல்லத் தெரியவில்லை.

காற்றென்றால் இதற்கு ஆகாது.
அரவேணு ஸ்டாப்பில் நின்றால்
உள்ளே யாரோ தகரம் கிழிக்கிறார்கள்.
பெட்டியில் ஆறு மணி நேரம் என்று போட்டிருக்கிறது,
நாலே முக்காலில் செத்துவிட்டது.
இடது பக்கத்தது கழல்கிறது.
சின்ன ரப்பர் மாட்டியும் கழல்கிறது.

ஐந்தாம் ராத்திரி, ஃபேக்டரி ஷிஃப்ட்.
பாட்டு எதுவும் போடாமல் மாட்டிக்கொண்டேன்.
ரோலரும் ட்ரையர் ஃபேனும்
பனிக்குள் போகும் லாரிபோல்
தூரமாகித் தூரமாகி
எதிரே தூள் சலிக்கும் தவமணி மிஞ்சினாள்.

ஆறு வருஷமாக நான் எது கேட்டாலும்
உதட்டை மட்டும் அசைப்பவள்.
திமிர் என்றுதான் நினைத்திருந்தேன்.

"சாப்ட்டியா?" என்று கத்தினேன், பழக்கத்தில்.

"ஆச்சு. ரசம்தான். நீ?"
எப்போதும் பேசுகிற குரலில் சொன்னாள்,
சல்லடையிலிருந்து கண் எடுக்காமல்.

பில் பர்ஸில்தான் இருக்கிறது.
இன்று ஒன்பதாம் நாள்.
இடது பக்கத்தது
இன்னும் கழல்கிறது.