பத்தொன்பதாம் கொக்கி

நரின் ஊரின் மூன்றாவது பள்ளியில்
கோட்டுகளுக்குக் காவல் நான்.
எழுபத்திரண்டு கொக்கிகள், ஒரு மேசை,
ஊசி நூல், ஜோடி பிரிந்த கையுறைகள் ஒரு பெட்டி.
செப்டம்பர் முதல் தேதி பூங்கொத்தோடு வருவார்கள்.
இரண்டாம் தேதிதான் அழுகை.

எர்மெக் அழவில்லை.
கோட்டைக் கழற்ற மாட்டேன் என்றான், அவ்வளவுதான்.
ஏழு பித்தான், கழுத்துவரை.
வகுப்பாசிரியை ஜிப்பாரா
(அவளுக்கும் அது முதல் வருடம்)
விதியைச் சொன்னாள், கெஞ்சினாள்,
அவனுடைய கொக்கியில் ஒரு முயல் படம் ஒட்டினாள்.
முயலைப் பார்த்தான்.
மேல் பித்தானை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

ஒரு மதியம், நெற்றியெல்லாம் வேர்த்து
என் மேசையருகே வந்து நின்றான்.
நான் எதுவும் கேட்கவில்லை,
கையுறை ஒன்றின் கட்டைவிரலைத் தைத்துக்கொண்டிருந்தேன்.
அவனாகவே சொன்னான்:
"கழட்டிட்டா, அம்மா வர்றப்ப மாட்ட நேரமாகும்.
அவங்க போயிடுவாங்க."

பதிவேட்டில் நாங்கள்
'பிடிவாதம்' என்று எழுதியிருந்தோம்.

அன்று மாலை ஜிப்பாரா அந்தச் சொல்லை அடித்தாள்.
மறுநாள் முதல் பித்தானைத் தொடவில்லை யாரும்.
அக்டோபரில் கோட்டு அவன் மடிக்கு வந்தது.
பிறகு நாற்காலியின் முதுகுக்கு.
பிறகு ஜன்னலடிச் சூட்டுக் குழாய்மேல்,
திரும்பினால் தெரிகிற தூரத்தில்.
ஐந்து நிமிடத்துக்கொருமுறை திரும்பினான்.
பிறகு பத்து.

டிசம்பரில் கணவாயில் பனி.
அம்மாவின் மினிபஸ் இருபது நிமிடம் தாமதம்.
அடுத்த நாள் காலை
மறுபடியும் ஏழு பித்தான், கழுத்துவரை.
ஜிப்பாரா என் அறைக்கு வந்து
கோட்டுகளுக்கு நடுவில் நின்று மூக்கைச் சிந்தினாள்.
அவளுக்குத் தேநீர் ஊற்றினேன்.
மடியிலிருந்து தொடங்கினோம்.

எப்போது நடந்தது என்று தெரியாது.
மார்ச்சில் ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன்,
என் தலைச்சால்வையை மாட்டக் கொக்கி இல்லை.
தினமும் அதை மாட்டும் பத்தொன்பதில்
முயலை மறைத்துக்கொண்டு
அந்த நீலக் கோட்டு.
யாரிடமும் சொல்லவில்லை நான்.
சொன்னால் கலைந்துவிடும் போலிருந்தது.

ஏப்ரலில் வெயில் வந்துவிட்டது.
மணி அடித்ததும் எல்லோரோடும் ஓடினான்,
வாசலில் அம்மா,
கொக்கியில் கோட்டு.
கையிலெடுத்து நான் படியிறங்குவதற்குள்
மூச்சிரைக்க அவனே திரும்பி வந்தான்.
"மறந்துட்டேன்!"

நீட்டினேன்.
பைக்குள் கைவிட்டு
ஒரு துண்டுப் பென்சிலை எடுத்துக்கொண்டு
போயே விட்டான்.