ஓடுகாலி: ஏழாம் வரைவு

அனாபொலிஸ் ஆவணக் காப்பகத்தில்
மைக்ரோஃபிலிம் விளக்கு சூடேறினால்
இஸ்திரிப் பெட்டியடியில் ஈரத்துணி தீய்ந்த வாடை.
மாமியாருக்குச் சுகமில்லை என்று
பல் கிளினிக்கில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.
நாவலுக்காகச் சொன்ன முதல் பொய் அல்ல.

கையில் இருப்பது ஆறே வரி. 1768, ஆகஸ்ட்:

        ஓடிவிட்டாள். மால் என்று பெயர்.
        கிழக்கிந்தியப் பெண், முப்பது வயது இருக்கலாம்.
        இடது புருவத்தில் தழும்பு.
        முரட்டு லினன் பாவாடை. செருப்பில்லை.
        நயமாகப் பேசுவாள், நம்ப வேண்டாம்.
        பிடித்துத் தருவோருக்கு நாற்பது ஷில்லிங்.

கீழே, காணாமல் போன பழுப்புக் குதிரை ஒன்று.
அதற்கும் நாற்பது.

முதல் வரைவில் 'நான்' என்று அவளைப் பேசவிட்டேன்.
அறுபதாம் பக்கத்தில் டிகிரி காபிக்கு ஏங்கினாள்.
அது நான்.

அடுத்ததில் ஒரு தமிழ்ப் பெயர் வைத்து
நாகப்பட்டினத்தில் கப்பலேற்றினேன்.
கிழக்கிந்தியா என்றால் வங்காளமாக இருக்கலாம்,
மலபார், ஏன், மடகாஸ்கர்கூட.
பெயர் வைத்தவர்கள் அவளுக்கு ஏற்கெனவே போதும்.
அழித்தேன்.

பின்னோக்கிச் சொன்னேன். குதிரையைச் சொல்ல வைத்தேன்.
ஒருமுறை பக்கமெல்லாம் வெறுமையாக விட்டு
அடிக்குறிப்புகளில் மட்டும் கதை நடத்தினேன்.
காப்பாளர் வெர்னெட்டா புரட்டிப் பார்த்தார்.
"வெள்ளைத் தாள் அழகாகத்தான் இருக்கிறது.
உனக்கு அது உத்தி.
எங்கள் வீட்டில் அதுதான் குடும்ப வரலாறு."
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்,
கோபம்கூட இல்லாமல்.

எஜமானின் சொத்துப் பட்டியல் கிடைத்தது:
சோளம் பன்னிரண்டு பீப்பாய், பன்றி, செப்புக் கொப்பரை, மால்.
இங்கிலீஷில் நாலும் ஒரே வரிசையில் சும்மா கிடந்தன.
தமிழில் எழுதப் போனால் வாக்கியம் முடிய மறுத்தது.
இருந்தாளா, இருந்ததா?
அரைமணி நேரம் பேனா விகுதியில் நின்றது.

அன்றிரவு போனில் துழாவினேன்.
அப்பா அனுப்பிய பழைய கிரயப் பத்திரம்,
பரம்பரைப் பெருமை, மூன்று படமாக:

        மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும்
        ஆள் நான்கும் அவற்றின் பெருக்கமும்

அவற்றின்.
எழுதியவன் கை எங்கேயும் நின்றதாகத் தெரியவில்லை.
மை ஒரே சீராக ஓடியிருக்கிறது.
கீழே என் பதில்: ஒரு கட்டைவிரல்.

அந்த நால்வரைப் பற்றி ஆறு வரிகூட இல்லை.
புருவம் இல்லை, பாவாடை இல்லை.
ஓடினார்களா?
ஓடியிருந்தால் ஒரு வரியாவது கூடியிருக்கும்.

ஏழாம் வரைவில் எல்லோரும் உண்டு.
விளம்பரம் கொடுத்தவன், அச்சுக் கோத்தவன்,
பத்திரம் எழுதியவன், கட்டைவிரல் போட்டவள்.
மால் மட்டும் இல்லை.

        தாழ்ப்பாளை நீக்கினாள்.
        நாயின் வாயைப் பொத்தினாள்.
        சோளக்காட்டில் குனிந்தாள்.

எழுவாய் தோன்றாது.
வினையின் வாலைப் பிரித்தால் அங்கே ஓர் ஆள்.

ரன்அவே என்பதற்குத் தமிழில் தேடினேன்.
வசவுதான் கிடைத்தது: ஓடுகாலி.
காதலித்தவனோடு போன ஹேமலதாவை
எங்கள் தெருவே அழைத்த பெயர், நான் உட்பட.
கடைசி இகரத்தைத் தட்டிவிட்டேன்.
ஓடுகால்.
வினைத்தொகை. காலத்தை ஒளித்து வைத்திருக்கும்.
ஓடிய கால், ஓடுகிற கால், ஓடும் கால்;
எதுவென்று கேட்டுப் பிடிக்க முடியாது.

நாலரை மணி. வெர்னெட்டா விளக்குகளை அணைக்கிறார்.
செருப்பில்லை என்கிறது விளம்பரம்.
செவர்ன் ஆற்றங்கரைச் சேறு
ஆகஸ்டில் வெதுவெதுப்பாக இருக்கும், போய் நின்று பார்த்தேன்.
கணுக்கால்வரை தெரியும்.
அதற்கு மேல் எழுதவில்லை.