தனிக் குவளை

தண்டர் பே. பிப்ரவரி. மைனஸ் இருபத்தெட்டு.
பே தெருக் கடையின் கண்ணாடி அலமாரியில்
மூன்று சவரத் தூரிகைகள்.
பேட்ஜர் தொண்ணூற்றைந்து டாலர்.
குதிரை நாற்பது.
பன்றி பதினாறு, அதிலும் கைப்பிடியில் ஒரு கீறல்.
கடைப் பெண் கிர்ஸ்டிக்குச் சளி.
எது நல்லது என்று கேட்டேன்.
தும்மிவிட்டு, தெரியாது,
அப்பாவுக்கு முழுத் தாடி என்றாள்.

ஒவ்வொன்றாகக் கன்னத்தில் அழுத்திப் பார்த்தேன்.
பேட்ஜர், பணக்கார வீட்டு நாய்க்குட்டிபோல மடங்கியது.
குதிரை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, மறுக்கவுமில்லை.
பன்றி மட்டும் குத்தியது.
கட்டைவிரலால் விரித்தால் நடுவில் பொட்டல் இல்லை,
அடியில் பசை வழியவில்லை.
முதுகெலும்பு உள்ள மயிர்.
பதினாறு டாலரும் வரியும்.

நனைத்ததும் குளியலறை முழுக்க ஈரக் கொட்டில்.
சோப்பு நுரையில் ஓர் இரவு ஊறப்போட்டேன்.
மறுநாளும். அதற்கு மறுநாளும்.
முதல் வாரம் கன்னத்தில் உதிர்ந்தது;
என்னுடையது எது, அதனுடையது எது என்று
பொறுக்கிப் பிரிக்க வேண்டியிருந்தது.
தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கலாம், கொதிக்கக் கூடாது.
முறுக்கக் கூடாது,
பிடித்து அமுக்கி விட்டுவிட வேண்டும்.

மகுதூம் பல் துலக்கிக்கொண்டே கேட்டான்:
"அது என்ன மயிருடா?"
திட்டு மாதிரி இருந்தது. கேள்விதான்.
சொன்னேன்.
துப்பினான். வாய் கொப்பளித்தான்.
"ஓ" என்றான்.
அந்த பேசினில்தான் அவன் ஒளு செய்வது,
யோசிக்கவே இல்லை நான்.
பன்றியோடு சேர்ந்த கன்றைப் பற்றி ஒரு பழமொழி உண்டு.
இருவருமே அதைச் சொல்லவில்லை.
மறுநாள் அவன் பிரஷ், பேஸ்ட், அத்தர்க் குப்பி
மூன்றும் அவன் அறைக்குப் போயிருந்தன.

காது உடைந்த காப்பிக் குவளை ஒன்று கிடந்தது.
தூரிகையை அதில் நிறுத்தி
என் அறை ஜன்னலோரம் கொண்டுபோனேன்.
வைத்த கை வைத்தபடி நின்றது.

தனிக் குவளை.
எங்கள் ஊர் டீக்கடையில் கூரை இடுக்கில் இருக்கும்,
எங்களுக்கென்று.
நாங்களே எடுத்து, குடித்து, கழுவி
நாங்களே திரும்பச் செருக வேண்டும்.
இத்தனை கடல் தாண்டி வந்து
பன்றி மயிருக்கு ஒரு கூரை இடுக்கு
நானே கண்டுபிடித்திருக்கிறேன்.
அவன் கேட்கவில்லை.
அவன் விலக்குவது பன்றியை, என்னையல்ல.
தெரியும்.
தெரிந்தும் இரண்டு நாள்
அவனோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

குவளையில் நின்றது
அடியில் ஈரம் கோத்து மறுபடி நாறியது.

ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டினான்.
கையில் ஒட்டும் கொக்கி, கனேடியன் டயர் பை.
"நிக்க வெச்சா அடி அழுகிடும்டா, தலைகீழாத் தொங்கவிடணும்.
படிச்சுப் பார்த்தேன்.
பாத்ரூம்ல உன் பக்கம் ஒட்டிக்கோ.
நைலான்ல நானும் ஒண்ணு வாங்கிட்டேன்,
அது என் பக்கம்."
இரண்டு கொக்கிக்கும் நடுவே ஒன்றரை அடி.
அளந்துதான் ஒட்டினான் என்று நினைக்கிறேன்.
கேட்கவில்லை.
அலசுவது இப்போது குளியல் தொட்டிக் குழாயில்.

ஹீட்டர் காற்றில் மதியத்துக்குள் காய்ந்துவிடுகிறது,
இந்தக் குளிரிடம் நான் கண்ட ஒரே உபகாரம்.
ஐம்பதாவது சவரம் இருக்கும்,
நுனிகள் ஒவ்வொன்றாகப் பிளக்கத் தொடங்கின.
பிளந்த நுனிதான் மெத்தென்கிறது.
அடி இன்னும் விறைப்பாகவே நிற்கிறது,
எனக்கு அதுவும் பிடித்திருக்கிறது.

குவளையை என்ன செய்வதென்று தெரியவில்லை.
டீ குடிக்க மனமில்லை, தூக்கிப்போடவும்.
இன்று காலை பார்த்தால்
மகுதூம் அதில் பஸ்ஸுக்குச் சில்லறை போட்டிருக்கிறான்.
ஏழு குவார்ட்டர், ஒரு லூனி.