வை

சாயப்பட்டறைக்குப் பூட்டுப் போட்டுப் பன்னிரண்டு வருஷம்.
இப்போது தொட்டிகளுக்கு நடுவே கட்டில்கள்,
வந்து தங்கும் கலைஞர்களுக்கு மூன்று,
தண்ணீர் சோதிக்கிற எனக்கு ஒன்று.
நாலாம் நம்பர் தொட்டியில்
இன்னும் நகத்தில் ஒட்டுகிறது நீலம்.

மெரெயானா வந்திறங்கிய மதியம்
ஓட்டுநர் நாச்சிமுத்து பெட்டியை இறக்கிவிட்டு
வழக்கம்போலக் கேட்டார், எந்த ஊருங்க.
அவள் ஊரைச் சொல்லவில்லை.
முதலில் ஒரு மலையைச் சொன்னாள்,
அடுத்து ஓர் ஆறு,
அப்புறம் கடல் தாண்டி வந்த ஒரு படகு.
பேர் கடைசியில், கன்றுக்குட்டி மாதிரி பின்னாலேயே வந்தது.
"வெலாசமே இத்தன நீளமுங்களா" என்றார்.

நீ? என்று என் பக்கம் திரும்பினாள்.
சென்னிமலையைக் காட்டினேன், அது சுலபம்.
ஆறு என்றதும் கையிலிருந்த மீட்டரைப் பார்த்தேன்.
காலையில் காட்டியது மூவாயிரத்து நானூறு.
அப்பா என்ன பண்றார் என்று
வகுப்பில் கேட்டபோது எழுந்து நின்ற குரலில்
நொய்யல் என்றேன்.

அவர்கள் மொழியில் வை என்றால் தண்ணீர்.
யார் என்று கேட்பதற்கும் அதே வை.
எங்களுக்கு, என்றேன்,
கையில் இருப்பதைக் கீழே வை.
உடனே பாட்டிலைக் கீழே வைத்தாள்.

நாற்பது நாள் ஆற்றில் தொங்கின
பனியன் கம்பெனி வெட்டிக் கழித்த துணிகள்.
தினம் ஒன்றை எடுத்து வெயிலில் விரிப்பாள்,
ஓரத்தில் நான் பென்சிலால் எண் எழுதுவேன்.
காய்ந்ததும் உப்புப் பூத்தது,
முதலில் பொடிப்பொடியாக, பிறகு கிளுவை முள்ளாக.
குளோரைடு இவ்வளவு, சல்பேட் இவ்வளவு என்று
பிரித்துக் கொடுத்தேன்.
அழகாயிருக்கிறது என்று சொல்ல
இரண்டு பேருக்கும் பயம்.

வேலியோரம் ஆனைக்கற்றாழையில் நாரெடுக்கப் போனவள்
நடுக்குருத்தைத் தொடவில்லை.
அது பிள்ளையாம், ஒட்டி நிற்பவை தாயும் தகப்பனும்,
வெளிமடலை மட்டும் அறுக்கலாமாம்.
காட்டுக்காரர் கேட்டுவிட்டு,
"எல்லாத்தையும் எடுத்துக்குங்க,
நாளைக்கு ஜேசிபி வருது" என்றார்.

கடைசி நாள் விருந்தாளிகள் வந்தார்கள்.
மில்காரர் ஒருவர் துணிகளைப் பார்த்தார்,
அட்டையில் என் பேரைப் பார்த்தார்,
குரலைத் தாழ்த்தி, ரொம்ப மரியாதையாக,
"நீங்க எந்தக் கூட்டமுங்க?"

இந்தக் கேள்வியை எனக்குத் தெரியும்.
வாடகைக்கு வீடு பார்த்த பதினோரு வாசலிலும்
எனக்கு முன்னால் அது போய் நின்றிருந்தது.
பதிலைக் கேட்டதும் மாறுகிற டம்ளரையும் தெரியும்.

மலை சென்னிமலைங்க.
ஆறு நொய்யலுங்க.

அவர் காத்திருந்தார். நானும்.
முப்பத்தேழாம் துணி காற்றில் மொடமொடத்தது.
"அட, ஆறு எல்லாத்துக்கும் அதுதானுங்களே."
ஆமாங்க, என்றேன்.
அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
அடுத்த துணிக்குப் போனார்.

ராத்திரி கடைசி மாதிரி எடுத்தேன்.
மூவாயிரத்து முந்நூற்று எண்பது.
இடம் எழுதினேன், தேதி எழுதினேன்,
எடுத்தவர் பேர் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
தொட்டிச் சுவரில் உட்கார்ந்து நார் முறுக்கிக்கொண்டிருந்தவள்
நிமிராமல் சொன்னாள்,
வை.

எந்த மொழியில் என்று கேட்கவில்லை.
புட்டி கனத்தது.