பதின்மூன்று நாள்

மழைமானி என் வேலிக்கம்பத்தில் இருக்கிறது.
காலை ஏழு மணிக்குக் கண்ணை அதன் மட்டத்துக்கு இறக்கி
நீர் குழிந்து நிற்கும் அடிக்கோட்டைப் படிக்க வேண்டும்.
ஃபாத்திக்கிலிருந்து வந்த அலுவலர் அப்படித்தான் காட்டினார்.
எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்.
அன்றைக்கு ஊரில் சும்மா இருந்தவள் நான்.

ஜூலை மூன்று: இருபத்திரண்டு மில்லிமீட்டர்.
கைப்பேசியில் சொன்னேன்.
முற்றத்தில் நின்று உரக்கவும் சொன்னேன்.
இருபதைத் தாண்டினால் கடலை போடலாம்.
நான் வாயை மூடுவதற்குள்
லாத்திர் குதிரைக்குக் கடிவாளம் மாட்டியிருந்தார்.

குதிரை ஒன்று. விதைப்பான் ஒன்று.
முதலில் வீட்டுக்காரர் நிலம்,
அப்புறம் அவருடைய அண்ணன் வாலி,
அப்புறம் போன வருடம் விதை கடன் தந்த மச்சான்.
நடுவில் விதைத்தட்டின் பல் ஒன்று உடைந்து
கவோலாக்குக்குப் போய் வந்தது.
குதிரைக்கு ஒரு நாள் குளம்பு வலி.
என் கால் ஹெக்டேருக்கு அது வந்தபோது ஜூலை பதினேழு.
மேல்மண் அப்பளம்போல் காய்ந்திருந்தது.
சிவப்பு மருந்து பூசிய பருப்புகள்
தட்டிலிருந்து டக், டக் என்று விழுந்தன.
நேரம் தவறிய கடிகாரமும் அப்படித்தான் ஒலிக்கும்.

அலுவலகம் கேட்டது இரண்டு பத்தி: தேதி, அளவு.
மூன்றாவது பத்தியை நானே கோடு போட்டேன்:
யார் நிலம்.

ஆகஸ்ட் ஒன்பது, நாற்பத்தொன்று. லாத்திர் செடியில் பூ.
என் செடியில் களை.
ஆகஸ்ட் இருபது, முப்பத்தாறு. எனக்கும் பூ,
மஞ்சளாக, நிறைய. கணக்குத் தெரியாத பூ.

செப்டம்பர் ஐந்திலிருந்து வரிசையாகச் சுழி.
சுழி, சுழி, சுழி.
பதினெட்டு நாள் காலி குழாயைக் குனிந்து படித்தேன்.
அதற்கும் ஏழு மணி தவறவில்லை.

பூ மேலே பூத்து, காய் கீழே காய்க்கும் பயிர் இது.
உதிர்ந்த பூவின் அடியிலிருந்து
ஊசி ஒன்று தரையைத் தேடி நீளும்.
லாத்திரின் ஊசிகள் ஈரத்தில் இறங்கி
உள்ளே பருப்புக் கட்டிக்கொண்டிருந்தன.
என் ஊசிகள் தரையைத் தொட்டன.
தரை திறக்கவில்லை.
நகத்தால் கீறிக்கூடப் பார்த்தேன், ஒரு செடிக்கு.
ஒரு செடிக்குத்தான் முடியும்.

காத் மரங்கள் மட்டும் எதையும் நம்பவில்லை.
மழைக்காலம் முழுக்க மொட்டையாக நின்று
அது போன பிறகுதான் தளிர்க்கும் மரங்கள்.

பிடுங்கினோம்.
அவர் செடியில் இருபத்துமூன்று, இருபத்தாறு.
என் செடியில் ஒன்பது; நான்கு பொக்கு.
"பொம்பளை நிலம், மண் சத்தில்லை" என்றார் வாலி.
நடுவில் ஒரு வரப்புதான்.
இந்தப் பக்கம் நின்று கால் நீட்டினால் அந்தப் பக்கம்.

என் கொடி பச்சையாகவே இருந்தது,
காய்க்காததன் மிச்சம்.
ஆட்டுக்காரர்கள் அதற்கு நல்ல விலை தந்தார்கள்.
அதை நான் எந்தப் பத்தியிலும் எழுதவில்லை.

இரவில் நோட்டை லாத்திர் முன்னால் வைத்தேன்.
மூன்றாவது பத்தியில் விரல் வைத்துக் கீழே இறங்கினார்.
பதினேழில் விரல் நின்றது.
"மண்ணில்லை," என்றேன்.
விளக்கைச் சற்றுக் கிட்டே இழுத்தார். அவ்வளவுதான்.

அடுத்த வருடமும் மானி என் கம்பத்தில்தான்.
ஏழு மணிக்குச் சரியாகக் குனிவேன்.
அளவில் ஒரு சொட்டுக்கூடப் பொய் சொல்ல மாட்டேன்.
ஆனால் எண்ணை
முதலில் குதிரையிடம் சொல்வேன்.