நாதாங்கி

இரவெல்லாம் சர்க்கரைக் கிழங்கு மலையடியில் நின்று
லாரிகளுக்குக் கைகாட்டிவிட்டு
காலை ஆறே முக்காலுக்குத் திரும்பினேன்.
டிரெய்லர் பூட்டியே இருந்தது.
அதுதான் விசேஷம்.

வந்தவன் ஜெனரேட்டரை எடுத்திருந்தான்,
துளைபோடும் மெஷினை,
என் முழங்கால் மாத்திரைகளை.
பாலாடைக்கட்டியில் பாதியைத் தின்று
கத்தியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
கதவையும் பூட்டிக்கொண்டு போயிருக்கிறான்.
என் முன்னாள் கணவன்
இத்தனை ஒழுங்காக ஒருநாளும் வெளியேறியதில்லை.

கீறல் இல்லை, நெம்பிய தடம் இல்லை.
வடக்கு டகோட்டாவின் இந்த வரிசையில்
அறுவடை முடியும்வரை பதினொரு டிரெய்லர்கள்.
பக்கத்து டிரெய்லர் ஓரின்
ஒன்றும் பேசாமல்
தன் வீட்டுச் சாவியை என் கதவில் நுழைத்தான்.

திரும்பியது.

"கம்பெனிக்காரன் நாலைந்து சாவியைத்தான்
மாற்றி மாற்றி வெட்டுகிறான், மார்வா.
ஊரெல்லாம் ஒரே சாவி."

சாயங்காலம் ஷிஃப்டுக்கு முன்னால்
எல்லோரும் காபிக் குவளையோடு வந்தார்கள்.
முறைவைத்துத் திறந்து பார்த்தார்கள்.
நான்கு சாவிகள் திறந்தன.
திறந்தவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை.
டெல்ஃபாவின் சாவி பாதி திரும்பி நின்றுவிட்டது,
அவளுக்கு என்னவோ
பரீட்சையில் தோற்ற மாதிரி.

கிராண்ட் ஃபோர்க்ஸ் கடையில் புதுப் பூட்டு வாங்கினேன்.
சம்மட்டிக்கும் அசையாது என்றான் பையன்.
பூட்டு அசையாதுதான்.
தாழ்ப்பாள் போய் உட்காரும் இடம்?
தோசைத் திருப்பி கனத்தில் ஒரு தகடு,
அதன் பின்னால் மட்டமான பைன் கட்டை.
யானையைக் கொண்டுவந்து
முளைக்குச்சியில் கட்டுகிற கதை.

எஃகுத் தகடு வைத்தேன். மூன்றங்குலத் திருகாணி.
கட்டையே ஒன்றரை அங்குலம்தான் என்பது
முனை அலமாரிக்குள் எட்டிப் பார்த்து
என் ஒரே நல்ல கோட்டைக் கிழித்தபோது தெரிந்தது.
அளவு பார்த்து மறுபடி வாங்கினேன்.
கீல்கள் வெளிப்பக்கம்:
ஆணியை உருவினால் கதவு கையோடு வரும்.
தலைகளை அடித்து நசுக்கினேன்.
ஏறப் பிடிக்கும் கம்பியை மாற்றி,
கதவுக்குக் குறுக்கே மடித்துப் பூட்டுகிற கம்பி ஒன்று.

மழை. எந்திரங்கள் நின்றன.
கடப்பாரையோடு என் வீட்டுக்கு நானே திருடப் போனேன்.
நாலு நிமிஷம்.
கதவு அசையவில்லை, எனக்குத்தான் மூச்சு வாங்கியது.
ஐம்பத்தெட்டு வயதில் ஒரு தொழில் கைகொடுக்கவில்லை என்று
இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

பார்த்துக்கொண்டிருந்த ஓரின்
கதவுக்குப் பக்கத்துச் சுவரை விரலால் தட்டினான்.
டொப்.
கன்னம் வைக்கக் கன்னக்கோல்கூட வேண்டாம்,
பீன்ஸ் டப்பா திறப்பான் போதும்.

சரி. திருடன் வந்தால் உழைக்கட்டும்.
சத்தம் போடட்டும். கை வலிக்கட்டும்.
அதற்குத்தானே எண்பது டாலர்.

புதுப் பூட்டுக்கு இரண்டு சாவி.
ஒன்று என் கழுத்தில்.
மற்றதைப் படிக்கட்டின் கீழே வைக்கலாமா,
கேஸ் சிலிண்டர் மூடிக்குள்ளா?
எனக்குத் தோன்றுகிற இடமெல்லாம்
அவனுக்கு முன்பே தோன்றியிருக்கும்.
நான் உள்ளே மயங்கிக் கிடந்தால்?
ஹீட்டர் கெட்டுப் புகை சூழ்ந்தால்?
நல்ல கதவு
நல்லவனையும் வெளியே நிறுத்தும்.

திறந்த நால்வரில் ஒருவன் எடுத்திருக்கலாம்.
எடுத்தவன் காட்டிக்கொடுக்க மாட்டான்.
அல்லது
எடுத்தவன்தான் முதலில் காட்டுவான்.
மூன்று ஷிஃப்ட் இதையே உருட்டினேன்,
கிழங்குகளும் உருண்டன.

நாலாம் நாள் ஓரினிடம் நீட்டினேன்.
வாங்கிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானிட்டான்.
"பதிலுக்கு உன் சாவி தரமாட்டாயா?"
"உன் பழைய சாவியைத் தூக்கியெறிந்துவிட்டாயா?"
இல்லை, வளையத்திலேயே கிடக்கிறது.
"அதுதான்," என்றான்.
"நான் இன்னும் பூட்டு மாற்றவில்லையே."